மாவு மில்காரன் மலையேறிய விவரம்

என்றும் என் மதிப்பிற்குரிய அக்கா அவர்களுக்கு,

தம்பி வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே என் முழங்கால்கள் இரண்டையும் தவிர மற்ற எல்லாரும் சுகம். அங்கே நீயும், அத்தானும், அத்தானுடைய சர்க்கரையும் எப்படி இருக்கிறீர்கள் என்று அறிய ஆசை. இதைப் போனிலேயே சொல்லியிருப்பேன். நான் போனில் பேசினால் உன் பக்கத்து வீட்டுக்காரர்கள் ஜன்னலைத் திறந்து பதில் சொல்கிறார்கள் என்று போன தடவை அத்தான் வருத்தப்பட்டார். இதுவோ வெளியே தெரியக்கூடாத விஷயம். அதனால் கடிதம். அத்தான் உனக்கு வாசித்துக் காட்டும்போது எப்போதும்போல மெதுவாகவே வாசிக்கட்டும்.

விஷயத்துக்கு வருகிறேன். என் மகள் கட்டிக்கொள்ள ஆசைப்படுகிற பையனை நேரில் போய்ப் பார்த்துவிட்டு வந்துவிட்டேன். எனக்குச் சம்மதம் இல்லை. இதை அவளிடம் நீதான் சொல்ல வேண்டும். அவள் முகத்தைப் பார்த்தால் எனக்கு வார்த்தை வராது. சின்ன வயதிலிருந்தே அத்தை சொன்னால் கேட்பாள், அப்பா சொன்னால் சிரிப்பாள். ஏன் சம்மதம் இல்லை என்று நீ என்னைக் குடைவாய் என்பதால் நடந்ததை ஒன்றுவிடாமல் எழுதுகிறேன்.

அவள் மலைப்பூங்கா அடிவாரத்து ஊரில் மாட்டு டாக்டராக இருக்கிறாள் என்பது உனக்குத் தெரியும். இந்தப் பையனுக்கு அந்தப் பூங்காவில்தான் வேலை. மிருகங்களைக் கணக்கெடுப்பது, வருகிறவர்களைக் கூட்டிக்கொண்டு போய்த் தூரத்திலிருந்து காட்டுவது. கால் ஒடிந்த மான்குட்டி ஒன்றைத் தூக்கிக்கொண்டு இவளிடம் வந்திருக்கிறான். குட்டிக்குக் கால் கூடிவிட்டது, காட்டுக்கும் போய்விட்டது. இவன் மட்டும் ஆஸ்பத்திரிக்கு வருவதை நிறுத்தவில்லை. சரி, வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வா, பார்க்கலாம் என்றேன். "வீட்ல வேண்டாம்ப்பா. நீங்களும் அம்மாவும் இங்க வாங்க. ஒரு நாள் அவரோட மலையேறிப் பாருங்க. அப்புறம் நீங்க என்ன சொன்னாலும் கேக்கறேன்" என்றாள். என்ன சொன்னாலும் கேட்கிறேன் என்று என் வீட்டில் ஒருத்தர் சொன்னது இதுதான் முதல் தடவை. அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் மில்லைப் பூட்டாமல், எடுபிடி ஆளிடம் சாவியைக் கொடுத்துவிட்டுக் கிளம்பினேன்.

கிளம்பும்போதே சகுனம் சரியில்லை அக்கா. மலைக்கு மங்கலான நிறத்தில் சட்டை போட்டு வரச் சொல்லியிருந்தானாம். எனக்கு யாரும் சொல்லவில்லை. சம்பந்தம் பேசப் போகிறோமே என்று துவைத்துத் தேய்த்த வெள்ளைச் சட்டை போட்டிருந்தேன். தோளில் நம்ம மில்லுப் பை. உதறித்தான் எடுத்து வந்தேன். ஆனாலும் நம்ம பைகளைப் பற்றி உனக்குத் தெரியாதா, உதற உதற மாவு வரும். அடியில் ஒரு ஓட்டை வேறு. போட்டோ ஸ்டூடியோக்காரரிடம் கெஞ்சி வாங்கி வந்த பைனாகுலரை அதற்குள்தான் வைத்திருந்தேன். பூங்கா வாசலில் அதை எடுத்து முதல்முதலாகக் கண்ணில் வைத்துப் பார்த்தபோது மலையெல்லாம் பனி மூடியிருந்தது. "அடேங்கப்பா, என்ன பனி!" என்றேன். உன் தம்பி பெண்டாட்டி பைனாகுலரைப் பிடுங்கி முந்தானையால் துடைத்துக் கொடுத்தாள். பனி போய்விட்டது.

பையன் வந்தான். ஆள் பார்க்க ஓங்குதாங்காக இருக்கிறான், அதில் குறை சொல்ல மாட்டேன். பேச ஆரம்பித்தான் பார், உதடு அசைகிறது, சத்தத்தைக் காணோம்! மௌனசாமி என்று அந்த இடத்திலேயே பெயர் வைத்துவிட்டேன். என் காது நன்றாகத்தான் இருக்கிறது அக்கா, அந்தப் பேச்சை எடுக்காதே. மில்லில் ஓடுகிற பெல்ட்டின் சத்தத்தை வைத்தே எந்தப் பக்கம் தேய்கிறது என்று சொல்கிறவன் நான். கேட்கவில்லை என்று முதல் சந்திப்பிலேயே சொல்வது மரியாதையாக இருக்காது என்று, அவன் உதடு நிற்கும்போதெல்லாம் "ஆமாமா, ஆமாமா" என்று தலையாட்டினேன். பிறகுதான் தெரிந்தது, ஏரியைச் சுற்றிப் போகிற சமதளப் பாதையில் போகலாமா, உச்சிக்குப் போகிற செங்குத்துப் பாதையில் போகலாமா என்று கேட்டிருக்கிறான். இரண்டுக்கும் நான் ஆமாம் சொல்லியிருக்கிறேன். மரியாதை தெரிந்த பையன், இரண்டாவதாகச் சொன்னதை எடுத்துக்கொண்டான்.

அந்த ஏற்றத்தை என்னவென்று சொல்ல! நம்ம மில்லில் மூட்டை தூக்கி ஏறுகிற பலகையை நிமிர்த்தி வைத்து, அதை வானம் வரைக்கும் நீட்டிவிட்டது மாதிரி இருந்தது. முன்னால் மௌனசாமி, அடுத்து மகள், அடுத்து உன் தம்பி பெண்டாட்டி. வீட்டில் மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது என்று என்னைத் தண்ணீர் எடுத்துவரச் சொல்கிறவள், அங்கே ஆடு மாதிரி தாவித் தாவிப் போகிறாள். கடைசியில் நான். "அப்பா, உக்காந்துட்டுப் போலாமா?" என்று மகள் கேட்டாள். "எனக்கா? உங்கம்மாவுக்கு வேணும்னா உக்காருங்க" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டேன். பை ஓட்டையிலிருந்து வழி நெடுக மாவு கொட்டிக்கொண்டே வந்திருக்கிறது. திரும்பிப் பார்த்து மகள் சிரித்தாள். திரும்பும்போது வழி தப்பாது என்று நானும் சிரித்து வைத்தேன்.

பாதி மலைக்கு மேல் பேசக்கூடாது என்று சட்டம். பேசக்கூடாதாம்! அக்கா, நீயே சொல், நாம் பிறந்து வளர்ந்த வீடு என்ன வீடு? முன்பக்கம் மில், பின்பக்கம் அடுப்படி. சட்னி அரைக்கிற விஷயமாக இருந்தாலும் சண்டை போடுகிற சத்தத்தில்தான் பேசிப் பழக்கம். அத்தான் உன்னைப் பெண் பார்க்க வந்தபோது உள்ளே ஏதோ கைகலப்பு என்று நினைத்து வாசலிலேயே நின்றுவிட்டாரே, நாம் அவருக்கு எந்த நாற்காலி போடுவது என்றுதானே பேசிக்கொண்டிருந்தோம்! அப்படிப்பட்ட நான், என்னால் முடிந்த மட்டும் குரலை அடக்கி, கையால் வாயைப் பொத்திக்கொண்டு, "எப்ப சாப்பிடறது?" என்று உன் தம்பி பெண்டாட்டி காதில் கிசுகிசுத்தேன். எதிர்ச் சரிவிலிருந்து ஒரு பறவைக் கூட்டமே எழும்பிப் போய்விட்டது. மௌனசாமி என்னைத் திரும்பிப் பார்த்தான். கோபப்பட்டிருந்தால்கூடச் சமாளித்திருப்பேன், அவன் சிரித்தான். அந்தப் பறவையைப் பார்ப்பதற்காகவே இரண்டு வெளியூர்க்காரர்கள் பெரிய காமிராவோடு விடியற்காலையிலிருந்து அங்கே படுத்துக்கிடந்தார்களாம். அவர்கள் சிரிக்கவில்லை.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் ஒரே மாதிரிதான். மௌனசாமி நிற்பான், விரலை நீட்டுவான். உன் தம்பி பெண்டாட்டி, வெறுங்கண்ணால், "ஐயோ, எவ்வளவு அழகு!" என்று கன்னத்தில் கை வைத்துக்கொள்வாள். நான் பைனாகுலரைத் திருகிக் கண்ணில் வைத்துப் பார்க்கும்போது ஒரு புதர் ஆடிக்கொண்டிருக்கும். கழுகு, மலையாடு, செந்நரி எல்லாம் அவளுக்குக் காட்சி கொடுத்தன. எனக்குப் புதர்கள் காட்சி கொடுத்தன. ரோசத்துக்கு நானும் "ஆகா, என்ன கொம்பு!" என்று ஒரு தடவை சொன்னேன். "அது முயல்ப்பா" என்றாள் மகள்.

இதெல்லாம் கிடக்கட்டும் அக்கா. இதற்காகவெல்லாம் ஒரு பையனை வேண்டாம் என்று சொல்கிற ஆள் இல்லை நான். எனக்கு எங்கே வலித்தது என்று சொல்கிறேன். வழியில் அவளும் அவனும் பேசிக்கொண்டு போனார்கள். அவனைப் போலவே அவளும் மெதுவாகப் பேசினாள். பக்கத்தில்தான் நடக்கிறேன், என் பெண்ணின் பேச்சு எனக்குக் கேட்கவில்லை. மில்லு ஓடும்போது தெருமுனையிலிருந்து "அப்பா, பள்ளிக்கூடம் விட்டாச்சு!" என்று கத்துவாளே, இயந்திரத்தையும் மீறிக் கேட்குமே, அந்தப் பெண் எங்கே போனாள்? நம்ம வீட்டையும் மில்லையும் உதறிவிட்டு வேறு ஒரு வீட்டுக்கு ஏற்கெனவே போய்விட்டாள் என்று தோன்றியது. அந்த நேரத்தில்தான் மனசுக்குள் முடிவு பண்ணினேன், வேண்டாம் என்று.

உன் தம்பி பெண்டாட்டி சாப்பாட்டு டப்பாவைத் திறந்த நேரம் பார்த்து என் போன் அடித்தது. நம்ம போன் மணி எப்படி அடிக்கும் என்று உனக்குத் தெரியும். மில்லில் கேட்க வேண்டுமே என்று வைத்தது. மௌனசாமி பாதி நாள் நடத்திக் கூட்டிவந்து, கடைசியில் எனக்கென்றே ஒரு மலையாட்டைப் பாறைமேல் கண்டுபிடித்திருந்தான். நானும் பைனாகுலரைத் திருகி, ஒரு வாலின் நுனி வரைக்கும் வந்திருந்தேன். மணி அடித்ததும் வாலும் போய்விட்டது. மூன்று பேரும் என்னைப் பார்த்த பார்வையில், போனைத் தூக்கிக்கொண்டு சரிவைத் தாண்டி ஒரு திருப்பத்துக்கு அந்தப் பக்கம் ஓடினேன். எடுபிடி ஆள்தான். கோதுமையை எந்தச் சல்லடையில் போடுவது என்று கேட்கிறான். இருக்கிற இடம் மறந்து, வழக்கமான குரலில் அவனுக்கு விளக்கிவிட்டு, களைப்பாக இருந்ததால் உட்கார இடம் தேடினேன். வந்த பக்கமே திரும்பிப் பார்த்தால், கொஞ்ச தூரத்தில் பழச்செடிகளுக்கு நடுவே கறுப்பாக, வழவழவென்று நல்ல பாறை ஒன்று இருந்தது. அதை நோக்கி நடந்தேன். பாறை எழுந்து நின்றது.

கரடி அக்கா. சத்தியமாகக் கரடி. காலையிலிருந்து எல்லாருக்கும் தரிசனம் கொடுத்த காடு, எனக்கென்று மொத்தமாகச் சேர்த்து வைத்திருந்திருக்கிறது. கழுத்தில் பைனாகுலர் தொங்குகிறது, அது தேவையே இல்லை. அதன் மூக்கில் ஒட்டியிருந்த பழச்சாறுகூடத் தெரிந்தது. கத்தலாம் என்று வாயைத் திறந்தேன். நம்ம குடும்பத்தில் எந்த ஆபத்துக்கும் அதுதானே மருந்து! அப்போது கரடிக்கு அந்தப் பக்கம், திருப்பத்தில், மௌனசாமி வந்து நிற்பதைப் பார்த்தேன். இரண்டு கைகளையும் நெஞ்சின்மேல் பெருக்கல் குறி மாதிரி வைத்துக்கொண்டு நின்றான்.

உனக்குப் புரிந்திருக்கும். அத்தானுக்குப் புரியாது என்பதால் எழுதுகிறேன்: அது நம்ம மில்லு ஜாடை அத்தான். ஓடுகிற மில்லில் பேச்சு எடுபடாது என்று எங்கள் அப்பா எல்லாவற்றுக்கும் கைஜாடை வைத்திருந்தார். நெஞ்சில் கை மாறினால், பெல்ட் கழன்றுவிட்டது, நின்ற இடத்திலேயே நில், மூச்சு விடாதே என்று அர்த்தம். உள்ளங்கையைக் காட்டித் தள்ளினால், மூட்டையோடு பின்பக்கமாகவே இறங்கு என்று அர்த்தம். எல்லாவற்றிலும் பெரியது ஓட்டுகிற ஜாடை. சுவிட்ச் பக்கம் நிற்கிறவர் தலைக்கு மேல் கையை வட்டமாகச் சுழற்றி "ஓட்டலாமா?" என்று கேட்க வேண்டும். தொட்டியில் தானியம் கொட்டுகிறவர் கையை நேரே உயர்த்தி விரலை விரித்தால்தான் ஓட்டலாம். ஒரு தடவை உயர்த்திய கையை, வேண்டாம் என்று பாதியில் இறக்குகிற பேச்சே கிடையாது. விரல் போய்விடும். அப்பா காலத்திலிருந்து தொட்டிப் பக்கம் நான். பள்ளிக்கூடம் விட்டு வந்தால் சுவிட்ச் பக்கம் என் மகள்.

அந்த ஜாடையைப் பார்த்த பிறகு என் வாய் திறக்குமா? எங்கள் மில்லில் அதை மீறின ஆளே கிடையாது. மூடிவிட்டேன். அடுத்து அவன் உள்ளங்கையைக் காட்டி மெதுவாகத் தள்ளினான். தோளில் மூட்டை இருப்பதாக நினைத்துக்கொண்டு, பலகையில் இறங்குகிற மாதிரியே, குதிகாலால் தடவித் தடவிப் பின்னாலேயே நடந்தேன். கரடி என்னைப் பார்த்தது, பழத்தைப் பார்த்தது. பழம் நன்றாக இருந்திருக்க வேண்டும். அது அசைபோட்டுக்கொண்டே பள்ளத்துப் பக்கம் இறங்கிப் போய்விட்டது. அவன் சுற்றுவழியாக வந்து என் கையைப் பிடித்தான்.

"பயந்துட்டீங்களா சார்?" என்றான். இந்தத் தடவை எனக்குக் கேட்டது.

"பயமா, எனக்கா?" என்று சொன்னேன், அல்லது சொன்னதாக நினைத்தேன். பின்னாலேயே ஓடிவந்த உன் தம்பி பெண்டாட்டி, "என்னங்க, வெறும் காத்துதான் வருது, குரலைக் காணோமே!" என்று என்னைப் பிடித்து உலுக்கினாள். கல்யாணம் ஆனதிலிருந்து அவள் என்னிடம் வேண்டிக்கொண்டிருந்தது அந்தக் கரடியால் நடந்தது.

குரல் வந்ததும் மகளிடம்தான் கேட்டேன், இவனுக்கு இதெல்லாம் யார் சொல்லிக்கொடுத்தது என்று. "நான்தான்ப்பா. காட்டுலயும் பேச முடியாது, மில்லுலயும் பேச முடியாது. நம்ம ஜாடைதான் இங்க ரொம்ப வசதி. இப்ப பூங்காவுல எல்லாருமே இப்படித்தான் பேசிக்கறாங்க. தாத்தா மட்டும் இதைப் பாத்திருக்கணும்" என்றாள். வழியெல்லாம் அவள் மில்லை மறந்துவிட்டாள் என்று புழுங்கிக்கொண்டு வந்தேனே, அவள் அதை மலை மேல் கொண்டுபோய் வைத்திருக்கிறாள் அக்கா.

இதனாலெல்லாம் நான் இளகிவிட்டேன் என்று நினைத்துவிடாதே. நன்றாக யோசித்துப் பார். மெதுவாகப் பேசுகிற மாப்பிள்ளை நம்ம வீட்டில் தண்ணீர் கேட்டால் யாருக்குக் கேட்கும்? தாகத்திலேயே வாடிப்போவான். நாளைக்கு மில்லை யார் பார்ப்பது? பேரன் பேத்தி பிறந்தால் அதுகளும் இவனைப் போல முணுமுணுத்தால் நான் என்ன கதை கேட்பது? போதாததற்கு, காப்பாற்றி முடித்த பிறகும் சார் என்கிறான். மாமா என்று கூப்பிட்டிருந்தால் முதுகில் ஒரு தட்டுத் தட்டியிருப்பேன். ஆகவே எல்லாக் கோணத்திலும் ஆராய்ந்து, ஒரு தகப்பனாக நான் எடுத்த முடிவு: இந்தச் சம்பந்தம் வேண்டாம். பக்குவமாக, அவள் மனசு நோகாமல், நான் சொன்னதாகத் தெரியாமல், நீயே நினைத்தது போல அவளிடம் எடுத்துச் சொல்லிவிடு.

அத்தான் உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொல். உன் பிள்ளைகளுக்கு என் ஆசிகள், உன் காலுக்கு என் வணக்கம். என் காலை நினைத்து நீயும் கொஞ்சம் வேண்டிக்கொள். எல்லாரும் நூறாண்டு நோயில்லாமல், நல்ல காதோடு, நிறைந்து வாழ வேண்டும்.

இப்படிக்கு,
மனம் மாறாத உன் தம்பி

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகிற நேரத்தில் உன் தம்பி பெண்டாட்டி கடிதத்தை வாங்கிப் படித்துவிட்டாள். "பஸ் ஸ்டாண்டுல நடந்ததை ஏன் எழுதலை?" என்று இடுப்பில் கை வைத்துக்கொண்டு நிற்கிறாள். எழுதாவிட்டால் இரவுச் சாப்பாடு கிடையாது போலத் தெரிகிறது. எழுதிவிடுகிறேன்.

சாயங்காலம் நாங்கள் திரும்புகிற பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தோம். இரண்டு பேரும் கீழே நின்றார்கள். டிரைவர் என்ஜினை முடுக்கிவிட்டு நிறுத்தியிருந்தார், நம்ம பழைய மில்லு மாதிரியே சத்தம். மௌனசாமி ஏதோ சொன்னான், எனக்குக் கேட்கவில்லை. நான் கத்தினேன், அவனுக்கும் கேட்கவில்லை. அவன் மகளைப் பார்த்தான், மகள் அவனைப் பார்த்தாள். பிறகு இரண்டு பேரும் ஒன்றாகத் தலைக்கு மேல் கையைத் தூக்கி, வட்டமாகச் சுழற்றினார்கள்.

ஓட்டலாமா?

நான் என்ன செய்வேன் அக்கா? வாழ்நாளெல்லாம் தொட்டிப் பக்கம் நின்ற கை. என்னைக் கேட்காமல் ஜன்னலுக்கு வெளியே போய், நேரே உயர்ந்து, விரலை விரித்துவிட்டது. அதைக் கண்ணாடியில் பார்த்த டிரைவர், தன்னைத்தான் கிளம்பச் சொல்கிறேன் என்று நினைத்து வண்டியை எடுத்துவிட்டார். அது வெறும் பழக்கதோஷம், அதைச் சம்மதமாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்று வீடு வந்து சேரும் வரைக்கும் இவளிடம் வாதாடினேன். "கை தானா தூக்கிடுச்சு, சரி. கண்ணுல தண்ணி வந்துச்சே, அதுவும் தானாவா?" என்கிறாள். பையிலிருந்த மாவு காற்றில் பறந்து கண்ணில் விழுந்தது என்று சொல்லிப் பார்த்தேன். எங்கே எடுபடுகிறது! பஸ் வளைவில் திரும்பும் வரைக்கும் அவர்கள் இரண்டு பேரும் கையை இறக்கவில்லை. நானும் இறக்கவில்லை. இறக்கக்கூடாது என்பது அப்பா சொன்னது.

ஆகையால் மேலே எழுதியது எதையும் அவளிடம் சொல்லிவிடாதே அக்கா. நீயும் அத்தானும் கல்யாணத்துக்கு முன்கூட்டியே வந்துவிடுங்கள், வேலை நிறைய இருக்கிறது. அவசரப்பட்டு இதற்குள் அவளிடம் சொல்லித் தொலைத்திருந்தால், அத்தான் ரொம்ப மெதுவாக வாசித்தார், உனக்குச் சரியாகக் கேட்கவில்லை என்று சொல்லிவிடு.